வண்டியும் பாரமும்

 

இன்று நாம் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். வண்டியில் ஏற்றும் பாரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அந்தப் பாரத்தை இழுக்கும் மாட்டைப் பற்றியும் பேசுவோம்.

முதலில் வீட்டுக்குள்ளே இருந்து தொடங்கலாம்.

உங்கள் வீட்டில் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. பெட்டி காலியாக இருக்கும்போது ஒரு கையால் தள்ளிவிடலாம். அதில் அரிசியைக் கொட்டி வைத்தால்? இரண்டு பேர் குனிந்து தள்ள வேண்டியிருக்கிறது. பெட்டி அதே பெட்டி. தரையும் அதே தரை. தள்ளுவது மட்டும் ஏன் கடினமாகிவிட்டது?

"பாரம் கூடிவிட்டது, அதனால்தான்" என்பீர்கள். சரியான பதில். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பாரத்தை நாம் தூக்கவில்லை. தரைதான் தாங்குகிறது. நாம் பக்கவாட்டில் தள்ளுகிறோம், அவ்வளவுதான். பாரத்தைத் தரை தாங்கும்போது, அந்தப் பாரம் நம்மை ஏன் தடுக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், வண்டியின் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

தரையைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்கும். ஆனால் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பெட்டியின் அடிப்பக்கமும் அப்படித்தான். பெட்டி தரையில் முழுவதும் படிந்து உட்காரவில்லை. மேடும் மேடும் சந்திக்கும் சில புள்ளிகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் புள்ளிகளில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பெட்டியைத் தள்ளினால் அந்தப் பிடியை விடுவித்தாக வேண்டும். இந்தப் பிடிக்குத்தான் உராய்வு என்று பெயர்.

பெட்டிக்குள் அரிசியைக் கொட்டினால் என்ன ஆகிறது? பெட்டி தரையை இன்னும் அழுத்துகிறது. புள்ளிகள் நசுங்கி, ஒட்டும் இடம் கூடுகிறது. பிடி பலமாகிறது. அதனால் தள்ளுகிற பலமும் கூட வேண்டும்.

எவ்வளவு கூட வேண்டும்? இதை அளந்தே பார்த்துவிடலாம். இதோ இங்கே மூன்று செங்கல் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 கிலோ. இதோ ஒரு கயிறு. இது பழைய பேப்பர் வாங்குகிறவர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசு. கொக்கியில் மாட்டித் தூக்கினால் முள் எடையைக் காட்டும். நாம் தூக்கப் போவதில்லை. படுக்கை வசமாக இழுக்கப் போகிறோம்.

ஒரு செங்கலைக் கயிற்றால் கட்டி, சிமெண்டுத் தரையில் மெதுவாக இழுக்கிறேன். தங்கச்சி, நீ முள்ளைப் பார்த்துச் சொல்லம்மா. ஒன்றரை கிலோ. சரி. இப்போது அதன் மேல் இன்னொரு செங்கல். மூன்று கிலோ. மூன்றாவதையும் வைக்கிறேன். நாலரை கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கணக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பாரம் இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்கு. பாரம் மூன்று மடங்கானால் உராய்வும் மூன்று மடங்கு.

இப்போது ஒரு வேடிக்கை. ஒரே ஒரு செங்கலை எடுத்துக்கொள்கிறேன். முன்பு அகலப் பக்கம் தரையில் பட்டது. இப்போது குறுகிய பக்கத்தை வைக்கிறேன். தரையில் படும் இடம் பாதியாகிவிட்டது. உராய்வும் பாதியாகுமா? எத்தனை பேர் ஆமாம் என்கிறீர்கள்? நிறையக் கைகள் தெரிகின்றன. இழுத்துப் பார்ப்போம். அதே ஒன்றரை கிலோ!

அகலமாகப் படுத்திருக்கும்போது பாரம் பரவிக் கிடக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் குறைவு. குறுக்கி வைத்தால் இடம் குறைவு, அழுத்தம் அதிகம். மொத்தப் பிடி ஒன்றுதான். பாரம்தான் முக்கியம், அகலம் முக்கியமில்லை. கெட்டியான தரையில் நாம் காணும் கணக்கு இது. மணலில் வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரான்சு நாட்டில் கியோம் அமோந்தோன் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே காது கேட்காமல் போனவர். அவர் 1699-ல் இந்த இரண்டு உண்மைகளையும் சோதனை செய்து வெளியிட்டார். அகலத்தால் உராய்வு மாறாது என்பதை அப்போது படித்த பெரியவர்களும் எளிதில் நம்பவில்லையாம். ஆகவே தவறாகக் கை தூக்கியவர்கள் வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் தங்கச்சி கவனித்திருப்பாள். செங்கல் நகரும் முன்பு முள் ஒன்றரைக்கு மேலே ஏறியது. நகர்ந்த பிறகு கொஞ்சம் இறங்கி நின்றது. அசையாமல் இருப்பதை அசைக்கத்தான் அதிக பலம் வேண்டும். வண்டிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மாடு கழுத்தைத் தாழ்த்தி, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுப்பது எப்போது? கிளம்பும்போதுதானே!

கிளம்பும்போது உராய்வு மட்டும் தடை இல்லை. ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு அடங்கியிருக்கிறதோ அதை நிறை என்கிறார்கள். நிறை அதிகமுள்ள பொருள் சும்மா இருந்தால் எளிதில் கிளம்பாது. ஓட ஆரம்பித்தால் எளிதில் நிற்காது. ஆற்றில் மிதக்கும் பெரிய படகைக் கரையிலிருந்து தள்ளிப் பாருங்கள். அங்கே தரை இல்லை, பிடியும் மிகக் குறைவு. ஆனாலும் படகு மெல்ல மெல்லத்தான் அசையும்.

ஒடிசா மாநிலம் பூரியில் நடக்கும் தேரோட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜகந்நாதர் தேருக்கு 16 மரச் சக்கரம். பலபத்திரர் தேருக்கு 14. சுபத்திரை தேருக்கு 12. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வடம் பிடித்து இழுத்தால்தான் தேர் கிளம்பும். கிளம்பிய தேரை நிறுத்துவதற்குச் சக்கரத்தின் அடியில் கட்டையைப் போட வேண்டியிருக்கிறது. நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது போலத்தான்.

இனி சக்கரத்துக்கு வருவோம்.

செங்கல் மூன்றையும் அடுக்குகிறேன். அடியில் நான்கு உருண்டை பேனாக்களை வைக்கிறேன். இழுக்கிறேன். தங்கச்சி, முள் எங்கே? அசைந்ததே தெரியவில்லை என்கிறாள்! நாலரை கிலோ கேட்ட அதே பாரம்தான். தேய்ந்து நகர்ந்தது இப்போது உருண்டு போகிறது. உருளும்போது பிடி மிகக் குறைவு.

ஆனால் வண்டிச் சக்கரம் பேனா மாதிரி சும்மா உருளுவதில்லை. அது அச்சில் மாட்டியிருக்கிறது. சக்கரம் தரையில் உருளுகிறது. சக்கரத்தின் குடமோ அச்சின் மேல் தேய்கிறது. தேய்மானம் ஒழியவில்லை, தரையிலிருந்து அச்சுக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே போய் அது சிறுத்தும் விட்டது. எப்படி என்று கேளுங்கள். சக்கரம் 5 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 60 அங்குலம். அச்சின் கனம் 2 அங்குலம். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட 16 அடி நகர்கிறது. ஆனால் குடம் அச்சின் மேல் தேய்வது அரை அடிதான். முப்பதில் ஒரு பங்கு! கட்டை வண்டிக்குப் பெரிய சக்கரம் போட்ட நம் முன்னோர் கணக்கு எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கை அறிந்து செய்திருக்கிறார்கள்.

அந்த அரை அடித் தேய்மானத்தையும் குறைக்கத்தான் வண்டி மை போடுகிறோம். மை போடாத அச்சு கிரீச் கிரீச் என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கும் சேர்த்து மாடுதான் பலத்தைக் கொடுக்கிறது.

பால் பேரிங் என்ன செய்கிறது? பேனா செய்த வேலையையே செய்கிறது. குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் குண்டுகள் உருளுகின்றன. தேய்வது அங்கேயும் உருளுவதாக மாறிவிடுகிறது. காற்றடித்த டயர் வேறு விதமாக உதவுகிறது. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் தூக்கிப் போடும். ஒவ்வொரு முறையும் மொத்தப் பாரத்தையும் மாடு கொஞ்சம் தூக்கிவிடுகிறது என்று அர்த்தம். டயர் அப்படியில்லை. கல்லின் மேல் தானே குழைந்து கொடுத்துவிடும்.

பின்வரிசையில் பெரியவர் ஒருவர் கேட்கிறார்: "அகலம் முக்கியமில்லை என்று சொன்னீர்கள். மணலில் மெல்லிய சக்கரம் புதைகிறதே?"

நல்ல கேள்வி, ஐயா. கெட்டித் தரையில்தான் அகலம் கணக்கில் வராது. மணலும் சேறும் பாரம் தாங்காமல் அமுங்கிவிடும். சக்கரம் தான் தோண்டிய பள்ளத்திலிருந்து ஒவ்வொரு அடியும் மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அகலச் சக்கரம்தான் நல்லது. ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போனால் ஒட்டக வண்டிகளைப் பார்க்கலாம். பல வண்டிகளில் விமானத்தில் ஓடித் தேய்ந்த பழைய டயரை வாங்கி மாட்டியிருப்பார்கள். ஆகாயத்தில் பறந்த டயர் மணலில் ஒட்டகத்தின் பின்னால் போகிறது! டயர் அகலமாக இருப்பதால் புதைவதில்லை.

இப்போது மாட்டின் பலத்தைப் பார்ப்போம். நாள் முழுவதும் வேலை செய்யும் மாடு, தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தோடுதான் தொடர்ந்து இழுக்க முடியும். 300 கிலோ எடையுள்ள மாடு என்றால் 30 கிலோ. ஸ்பிரிங் தராசை நுகத்தடிக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டினால் முள் 30-ல் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்துக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்குகூட இழுக்கும். அது கிளம்பும்போதும் பள்ளத்தில் விழுந்து ஏறும்போதும் போடும் பலம். அதையே நாள் முழுக்கக் கேட்டால் மாடு தாங்காது.

1,000 கிலோ பாரமுள்ள வண்டியை நல்ல தார் ரோட்டில் இழுக்க, சக்கரத்தைப் பொறுத்து 20 முதல் 40 கிலோ பலம் போதும். மண் ரோட்டில் அது இரண்டு மடங்காகும். இளகிய மணலில் 150 கிலோவையும் தாண்டும். பாரம் ஒன்றுதான். பாதையும் சக்கரமும் சேர்ந்து அதைப் பல மடங்காக்குகின்றன.

இதை நமது சட்டமே கணக்கில் எடுத்திருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதன் கீழ் 1965-ல் வண்டி இழுக்கும் விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் தனி விதிகள் போட்டார்கள். எந்த மாடு எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. 200 முதல் 350 கிலோ வரை எடையுள்ள நடுத்தர மாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு சக்கர வண்டியில் அந்த ஒற்றை மாட்டுக்கு, டயர் இல்லாத வண்டி என்றால் 700 கிலோ. டயர் போட்டிருந்தால் 1,050 கிலோ. பால் பேரிங் இருந்தால் 1,400 கிலோ.

கவனித்தீர்களா? மாடு ஒன்றுதான். அதன் பலமும் ஒன்றுதான். சக்கரம் மாறியதும் பாரம் இரண்டு மடங்காகிவிட்டது. நாம் செங்கலையும் பேனாவையும் வைத்துப் பார்த்த கணக்குத்தான் அந்த விதியிலும் இருக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத மேட்டுப் பாதை, 30 மீட்டர் தூரத்துக்கு 3 மீட்டருக்கு மேல் ஏறுகிறது என்றால், பாரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இதற்கு என்ன காரணம்? மேட்டில் உராய்வு கூடுகிறதா? இல்லை. அங்கே வேறொரு தடை சேர்ந்துகொள்கிறது. சமதரையில் பாரத்தைப் பூமி தாங்கியது. மேட்டில் ஒரு பங்கை மாடு தூக்க வேண்டும். பத்து அடிக்கு ஓர் அடி ஏறும் மேடு என்றால், பாரத்தில் பத்தில் ஒரு பங்கு. 700 கிலோவுக்கு 70 கிலோ! சமதரையில் 30 கிலோ இழுத்த மாடு இப்போது 100 கிலோ இழுக்க வேண்டும். இங்கே மையும் உதவாது, பால் பேரிங்கும் உதவாது. உராய்வைத்தான் அவை குறைக்கும், மேட்டைக் குறைக்காது. பாரத்தை இறக்குவது ஒன்றே வழி. பாதியாகக் குறைத்தாலும் 50 கிலோ பலம் வேண்டும். அதுவே மாட்டுக்கு அதிகம். மேட்டில் நிறுத்தி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, மாட்டை மூச்சு வாங்க விட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து.

விதி இருக்கிறது. ஆனால் பாரம் ஏற்றுகிறவர்கள் ஏன் மீறுகிறார்கள்? மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். மழை குறைந்த பகுதி. அங்கிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குடும்பங்கள் மேற்கு மகாராஷ்டிரத்துக்குக் கரும்பு வெட்டப் போகின்றன. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வேலை செய்வார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள். பலர் மாட்டு வண்டியோடு போகிறார்கள். வெட்டிய கரும்பை வண்டியில் ஏற்றிச் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். கூலி டன் கணக்கில். ஒரு நடையில் அதிகம் ஏற்றினால் அன்றைக்குக் கூலி அதிகம். கடன் சீக்கிரம் தீரும். அதனால் வண்டியில் கரும்பு மலை போல ஏறுகிறது. அவர்கள் இரக்கமில்லாதவர்கள் இல்லை. மாடு போனால் வேலையே போய்விடும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கூலி தரும் முறைதான் அவர்களை அந்த இடத்தில் நிறுத்துகிறது. மாட்டுக்கு அபராதம் போடுகிற மாதிரி ஒரு கூலி முறை என்று நான் சொல்வேன்.

அப்படிப்பட்ட இடத்தில் மிக மோசமான நேரம் எது? வண்டி வயலை விட்டுக் கிளம்பும் நேரம். ஈர மண்ணில் சக்கரம் புதைந்திருக்கும். பாரம் முழுவதும் ஏறியிருக்கும். அசையாமல் நிற்பதை அசைக்க வேண்டும். மூன்று தடைகளும் ஒரே நேரத்தில் சேர்ந்து வருகின்றன. மாடு முழங்காலில் விழுவதும், கழுத்துத் தோல் உரிவதும் பெரும்பாலும் அப்போதுதான். வயலுக்குள் பாதிப் பாரம் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, மீதியை அங்கே ஏற்றினால் மாடு பிழைத்துக்கொள்ளும். கை வேலை கூடும், உண்மைதான். ஆனால் ஒரு மாடு படுத்துவிட்டால் அந்தப் பருவமே போய்விடுமே!

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் பேராசிரியர் என்.எஸ்.ராமசாமி. பெரிய கம்பெனி நிர்வாகம் சொல்லிக் கொடுக்கும் இடம் அது. அவரோ மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று 1970-களிலும் 80-களிலும் ஊர் ஊராகப் பேசினார். நாட்டின் சரக்கில் பெரும் பங்கை வண்டி மாடு சுமக்கிறது, அதன் நுகத்தடியையும் சக்கரத்தையும் யாரும் கவனிக்கவில்லை என்பது அவருடைய ஆதங்கம். இன்று மாட்டு வண்டி குறைந்துவிட்டது. டிராக்டரும் மினி லாரியும் வந்துவிட்டன. இந்தக் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். மாடு மூச்சு வாங்கும் இடத்தில் டிராக்டர் டீசல் குடிக்கும். சந்தையில் தள்ளுவண்டி தள்ளுகிறவர் தன் தோளைக் கொடுப்பார். டயரில் காற்று குறைந்தாலும் பேரிங்கில் கிரீஸ் வற்றினாலும் பாரம் ஏறியது மாதிரிதான்.

உராய்வைத் திட்டியே பேசிவிட்டேன். அது இல்லாவிட்டால் மாடு காலை ஊன்றவே முடியாது. மழையில் நனைந்த தார் ரோட்டில் லாடம் வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். குளம்பின் கீழே பிடி வேண்டும், அச்சில் வேண்டாம். அவ்வளவுதான்.

கடைசியாக, ஒரு கணக்கு. சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. நடுத்தர மாடு ஒன்று. டயர் இல்லாத வண்டிக்கு 700 கிலோ. 700-ஐ 50-ஆல் வகுத்தால் 14 மூட்டை. டயர் வண்டிக்கு 21 மூட்டை. பால் பேரிங் வண்டிக்கு 28 மூட்டை. நான் சொன்ன மாதிரி மேடு இருந்தால் 7, பத்து, 14. செங்கல் என்றால் ஒன்று 3 கிலோ என்று போட்டுக்கொள்ளுங்கள். டயர் வண்டிக்கு 350 செங்கல் வரும். வண்டியின் சொந்த எடையையும் மறக்காதீர்கள். கட்டை வண்டியே 200, 300 கிலோ இருக்கும். ஏற்றிய சரக்கோடு அதையும் மாடுதான் இழுக்கிறது. ஆகவே மூட்டையைக் கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்கள்.

இதே விதிகளில் நேரக் கணக்கும் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் மாட்டை ஓட்டக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி பூட்டக் கூடாது.

செங்கலும் தராசும் இங்கேயே இருக்கும். வேண்டியவர்கள் இழுத்துப் பார்க்கலாம். கோணியை விரித்து அதன் மேல் ஒரு தடவை இழுங்கள். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு தடவை இழுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் உள்ள சிலேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் வரும்போது நான் அதைப் பார்க்கிறேன்.